திரும்பும் தேதி தள்ளிப்போகும்போது: போர்க்கப்பல்களின் நீண்ட பயணமும் மாலுமிக் குடும்பங்களும்

விமானந்தாங்கிக் கப்பல் ஒன்றின் பயணம் நீட்டிக்கப்பட்டது என்ற செய்தி கடந்த சில ஆண்டுகளாக அடிக்கடி வருகிறது. 2023 அக்டோபரில் காசா போர் தொடங்கியபோது, வீடு திரும்பும் காலம் நெருங்கியிருந்த அமெரிக்காவின் ‘ஜெரால்டு ஆர். ஃபோர்டு’ கிழக்கு மத்தியதரைக் கடலுக்கு அனுப்பப்பட்டது. மூன்று நீட்டிப்புகளுக்குப் பின் 2024 ஜனவரி 17 அன்றுதான் அது நார்ஃபோக் துறைமுகத்தை அடைந்தது. அதே அக்டோபரில் புறப்பட்ட ‘ட்வைட் டி. ஐசன்ஹோவர்’, செங்கடலில் ஏமனின் ஹூதிக் கிளர்ச்சியாளர்களின் ஏவுகணைகளையும் ட்ரோன்களையும் எதிர்கொண்டபடி இரண்டு நீட்டிப்புகளைக் கடந்து, ஒன்பது மாதங்களுக்குப் பிறகு 2024 ஜூலை 14 அன்று திரும்பியது. 2025 ஜூனில் ஐரோப்பியக் கடற்பகுதிக்கென்று புறப்பட்ட ஃபோர்டு, அக்டோபரில் கரீபியன் கடலுக்குத் திருப்பிவிடப்பட்டது.

இச்செய்திகளில் கப்பலின் எடையும் அது சுமக்கும் விமானங்களின் எண்ணிக்கையும் தவறாமல் இடம்பெறுகின்றன. அதற்குள் இருக்கும் நான்காயிரத்து ஐந்நூறு முதல் ஐயாயிரம் பேருக்கு அந்த நீட்டிப்பு என்ன செய்கிறது என்பது பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. இக்கட்டுரை அதை அமெரிக்கக் கடற்படையையும், ஓரளவுக்கு பிரிட்டனின் நீர்மூழ்கிகளையும் கொண்டு விளக்க முயல்கிறது. இங்கு நிறுவ முயல்வன இரண்டு. மாலுமியையும் அவர் குடும்பத்தையும் பயணத்தின் நீளம் வருத்துகிறது என்றாலும், சொன்ன தேதி மாறுவது அதைவிட அதிகமாக வருத்துகிறது. அந்தத் தேதி மாறுவதற்குப் போரைப் போலவே பழுதுபார்ப்புத் தளங்களின் தாமதமும் காரணம்.

ஒரு பணிப்பயணம் எவ்வளவு காலம்?

போர்க்கப்பல் ஒன்று தன் தாய்த்துறைமுகத்தை விட்டு, வேறொரு கடற்பகுதியில் பணியாற்றுவதற்காகச் செல்லும் காலமே பணிப்பயணம். அமெரிக்கக் கடற்படை 2014இல் கொண்டுவந்த திட்டத்தின்படி ஒரு கப்பலின் வாழ்க்கை 36 மாதச் சுழற்சிகளாக ஓடுகிறது. முதலில் பழுதுபார்ப்பு, பிறகு அடிப்படைப் பயிற்சி, பிறகு பிற கப்பல்களோடு சேர்ந்த கூட்டுப் பயிற்சி, அதன்பின் ஏறத்தாழ ஏழு மாதப் பணிப்பயணம், திரும்பிய பிறகு அவசர அழைப்புக்குத் தயார்நிலை என்பது அதன் வரிசை.

ஏழு மாதப் பயணம் என்றால் ஏழு மாதப் பிரிவு என்று இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. புறப்படுவதற்கு முந்தைய மாதங்களிலேயே கப்பல் பயிற்சிக்காக வாரக்கணக்கில் கடலுக்குச் சென்று வருகிறது. துறைமுகத்தில் நிற்கும் காலத்திலும் மாலுமி சில நாட்களுக்கு ஒருமுறை முழு இரவும் கப்பலிலேயே தங்கிப் பணியாற்ற வேண்டும். ஆகவே கணவனோ மனைவியோ கப்பலில் இருக்கும் வீட்டில், பயணக் கணக்கு தொடங்கும் முன்பே பிரிவு தொடங்கிவிடுகிறது.

ஆறு மாத வரம்பும் அதன் தேய்வும்

நீண்ட பயணம் புதிதன்று. வியட்நாம் போர்க்காலத்தில் ‘மிட்வே’ 1972 ஏப்ரலில் புறப்பட்டு 1973 மார்ச்சில்தான் திரும்பியது. 1979-80இல் ஈரான் பணயக்கைதிகள் நெருக்கடியின்போது ‘நிமிட்ஸ்’ எந்தத் துறைமுகத்தையும் தொடாமல் 144 நாட்களும், அதன் இடத்தை ஏற்கச் சென்ற ஐசன்ஹோவர் 152 நாட்களும் தொடர்ந்து கடலில் இருந்தன.

அதன் விளைவு ஆள் பலத்தில் தெரிந்தது. அனுபவம் வாய்ந்த இடைநிலை மாலுமிகள், ஒப்பந்தம் முடிந்ததும் மறுபடி கையெழுத்திடாமல் வெளியேறினார்கள். 1980இல் ‘கனிஸ்டியோ’ என்ற எரிபொருள் வழங்கும் கப்பல், போதிய தேர்ச்சி பெற்ற ஆட்கள் இல்லாத காரணத்தால் பாதுகாப்பாகக் கடலுக்குச் செல்ல இயலாது என்று அதன் தலைவராலேயே அறிவிக்கப்பட்டது. எதிரியால் அசைக்க முடியாத கடற்படையின் கப்பலொன்றை ஆட்குறை கட்டிப்போட்டது.

இந்தப் பின்னணியில்தான் கடற்படைத் தலைமைத் தளபதி ஜேம்ஸ் வாட்கின்ஸ் 1985இல் மூன்று விதிகளைக் கொண்டுவந்தார்.

1. எந்தப் பயணமும் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது.
2. ஒரு பயணத்துக்கும் அடுத்த பயணத்துக்கும் இடையே, முந்தைய பயணத்தைப் போல் குறைந்தது இரு மடங்கு காலம் இருக்க வேண்டும்.
3. சில ஆண்டுகளின் சராசரியில் பாதிக் காலமாவது கப்பல் தாய்த்துறைமுகத்தில் இருக்க வேண்டும்.

விதிவிலக்கு வேண்டுமானால் தலைமைத் தளபதியின் தனி அனுமதி தேவைப்பட்டது. அதனால் மீறல் என்பது யாரோ ஒருவர் கையெழுத்திட்டுப் பொறுப்பேற்க வேண்டிய செயலாக மாறியது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு இந்த ஒழுங்கு மெல்ல மெல்லக் கரைந்தது. 2002 ஜூலையில் புறப்பட்ட ‘ஏபிரகாம் லிங்கன்’, ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நின்றுவிட்டு வீடு திரும்ப இருந்த நேரத்தில், 2003 புத்தாண்டை ஒட்டி ஈராக்கை நோக்கித் திருப்பி அனுப்பப்பட்டது. மொத்தம் 290 நாட்கள். அதன் மேல்தளத்தில்தான் அதிபர் ஜார்ஜ் புஷ், ‘பணி நிறைவேறியது’ என்ற பதாகையின் கீழ் உரையாற்றினார். அந்த வாசகம் போரைக் குறிக்கவில்லை, கப்பல் தன் நீண்ட பயணத்தை முடித்ததையே குறித்தது என்று வெள்ளை மாளிகை பின்னர் விளக்கம் அளித்தது. ஈராக்கில் நடந்ததைப் பார்க்கும்போது, மாலுமிகளுக்கு மட்டுமே அந்த வாசகம் பொருந்தியது என்று சொல்லலாம்.

அதே லிங்கன் 2019-20இல் 295 நாட்கள் வெளியே இருந்தது. 2020-21இல் நிமிட்ஸின் மாலுமிகள், கோவிட் தனிமைப்படுத்தலையும் சேர்த்து, பதினோரு மாதம் வீட்டைப் பார்க்கவில்லை. கோவிட் காலத்தில் துறைமுகம் தொடுவதே நின்றுபோனதால் ‘ஸ்டவுட்’ என்ற நாசகாரிக் கப்பல் 215 நாட்கள் தொடர்ந்து கடலில் இருந்தது. ஆறு மாதம் என்பது இன்று வரம்பாக இல்லை. பழைய மாலுமிகள் நினைவுகூரும் ஓர் எண்ணாக மட்டுமே இருக்கிறது.

ஏன் நீள்கிறது?

அறிவிப்புகளில் எப்போதும் ஒரு போரோ பதற்றமோ காரணமாகக் காட்டப்படும். அது பொய்யன்று. ஆனால் ஒரு பதற்றம் எழும்போது புதிய கப்பலை அனுப்பாமல், கடலில் இருக்கும் கப்பலையே ஏன் நிறுத்திவைக்கிறார்கள் என்ற கேள்விக்கு அது விடையாகாது. விடை பின்வரும் சங்கிலியில் இருக்கிறது.

1. கப்பலைக் கேட்பவர்கள் வேறு, அதைப் பேணுபவர்கள் வேறு. ஒவ்வொரு நிலப்பரப்புக்கும் பொறுப்பான கூட்டுப்படைத் தளபதிகள் தங்களுக்குக் கப்பல் வேண்டும் என்று கோருகிறார்கள். பாதுகாப்பு அமைச்சர் ஒப்புதல் தருகிறார். கப்பலின் பழுது, மாலுமிகளின் பயிற்சி, குடும்பங்களின் மனக்குறை ஆகியவை கடற்படையின் தலையில் விழுகின்றன. கேட்பவருக்கு அந்தச் செலவு கண்ணில் படுவதில்லை.

2. பதினொன்று என்ற எண் ஏமாற்றும். அமெரிக்காவிடம் பதினொரு விமானந்தாங்கிக் கப்பல்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் ஒவ்வொன்றும் தன் ஆயுளின் நடுவில் அணு எரிபொருள் மாற்றத்துக்காகப் பல ஆண்டுகள் தளத்தில் கிடக்கிறது. மேலும் சில பழுதுபார்ப்பில், மேலும் சில பயிற்சியில். எந்த ஒரு நாளிலும் தொலைகடலில் நிற்கக்கூடியவை சிலவே.

3. பழுதுபார்ப்பு நேரத்துக்கு முடிவதில்லை. நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. 2020இல் வெளியிட்ட அறிக்கையின்படி, கடற்படையின் நான்கு பொதுத்துறைக் கப்பல் தளங்களில் 2015 முதல் 2019 வரையிலான நிதியாண்டுகளில் முடிந்திருக்க வேண்டிய, விமானந்தாங்கிகளுக்கும் நீர்மூழ்கிகளுக்குமான 51 பழுதுபார்ப்புப் பணிகளில் 38 தாமதமாகின. மொத்தத் தாமதம் 7,424 நாட்கள். ஐசன்ஹோவருக்கு ஆறு மாதம் என்று திட்டமிட்ட பணி, 2017 முதல் 2019 வரை ஒன்றரை ஆண்டு எடுத்துக்கொண்டது.

4. ஒரு கப்பலின் பழுதை இன்னொரு கப்பலின் மாலுமிகள் சுமக்கிறார்கள். 2019இல் லிங்கனுக்குப் பதிலாகச் செல்ல வேண்டிய ‘ஹாரி எஸ். ட்ரூமன்’ கப்பலில் மின்கோளாறு ஏற்பட்டது. ட்ரூமன் நார்ஃபோக்கில் நின்றது. லிங்கன் அரபிக்கடலில் நின்றது. 295 நாட்கள் என்ற எண்ணின் ஒரு பகுதி, வேறொரு கப்பலின் மின்கம்பிகளில் தொடங்கியது.

5. நீண்ட நாள் ஓடிய கப்பல் அதிகப் பழுதுடன் திரும்புகிறது. தளத்தில் எதிர்பாராத வேலைகள் கூடுகின்றன. அடுத்த தாமதம் பிறக்கிறது. சங்கிலி மீண்டும் முதல் கண்ணிக்குப் போகிறது.

சுருங்கச் சொன்னால், கப்பல்களின் குறையை மனிதர்களின் நாட்களால் ஈடுகட்டுகிறார்கள். வேறெந்தப் பொருளை இவ்வளவு எடுத்தாலும் நிதிநிலை அறிக்கையில் தெரிந்துவிடும். இது தெரிவதில்லை.

கப்பலுக்குள்

கடைநிலை மாலுமியின் தனியிடம் ஒரு படுக்கை. மூன்று அடுக்காகப் பொருத்தப்பட்டிருக்கும் அப்படுக்கையில் நிமிர்ந்து உட்கார இயலாது. பக்கவாட்டில் ஒரு திரை. மெத்தைப் பலகையைத் தூக்கினால் அடியில் ஆழமற்ற ஒரு பெட்டி. பல மாதங்களுக்கான உடுப்பும் உடைமையும் பெரும்பாலும் அதற்குள்தான். விமானந்தாங்கிக் கப்பலில் ஒரே கூடத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இப்படி உறங்குகிறார்கள், அவர்கள் தலைக்கு மேலே விமானங்கள் இறங்கும் ஓசையோடு.

உறக்கமே இங்கு மையப் பிரச்சினை. ஐந்து மணி நேரம் ‘வாட்ச்’ எனப்படும் முறைப்பணி, பத்து மணி நேரம் இடைவெளி என்ற முறை நெடுங்காலம் பல கப்பல்களில் வழக்கத்தில் இருந்தது. கேட்பதற்குத் தாராளமாகத் தோன்றும். ஆனால் அந்தப் பத்து மணி நேரத்துக்குள் பராமரிப்பு வேலை, பயிற்சி, துப்புரவு, உணவு எல்லாம் அடங்க வேண்டும். பதினைந்து மணி நேரச் சுழற்சி இருபத்துநான்கு மணி நேர நாளோடு பொருந்தாததால், உறங்கும் நேரம் ஒவ்வொரு நாளும் நகர்ந்துகொண்டே போகும். உடல் எந்த நேரத்துக்கும் பழகாது. கலிஃபோர்னியாவில் உள்ள கடற்படை முதுநிலைப் பள்ளியின் ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக இதைச் சுட்டிக்காட்டி, நாள்தோறும் மாறாத வாட்ச் நேரங்களைப் பரிந்துரைத்து வந்தார்கள்.

அந்தப் பரிந்துரை ஆணையாக மாறுவதற்குப் பதினேழு உயிர்கள் தேவைப்பட்டன. 2017 ஜூனில் ஜப்பான் அருகே ‘ஃபிட்ஸ்ஜெரால்டு’ சரக்குக் கப்பலொன்றுடன் மோதி ஏழு பேரும், ஆகஸ்டில் சிங்கப்பூர் அருகே ‘ஜான் எஸ். மெக்கெயின்’ எண்ணெய்க் கப்பலுடன் மோதிப் பத்துப் பேரும் இறந்தார்கள். பயிற்சிக் குறையும் தலைமைக் குறையும் முதன்மைக் காரணங்களாகச் சொல்லப்பட்டாலும், மாலுமிகளின் களைப்பும் விசாரணைகளில் இடம்பெற்றது. மாலுமிகள் வாரத்துக்கு 80 மணி நேரம் என்ற கணக்கை மீறி 108 மணி நேரம் பணியில் இருக்கிறார்கள் என்று கடற்படையின் சொந்த ஆய்வே 2014இல் காட்டியிருந்தது என்பதை ஜி.ஏ.ஓ. 2017இல் எடுத்துக்காட்டியது. விபத்துகளுக்குப் பின் மாறாத வாட்ச் நேரம் கட்டாயமாக்கப்பட்டது. ஆயினும் 2021இல் அதே அமைப்பு கருத்துக் கேட்டபோது, மேற்பரப்புக் கப்பல் அதிகாரிகளில் நாளுக்கு ஏழு மணி நேரமோ அதற்கு மேலோ உறங்குவதாகச் சொன்னவர்கள் 14 விழுக்காட்டினரே.

சிறு தொல்லைகளும் மாதக்கணக்கில் சேரும்போது சிறிதாக இருப்பதில்லை. ஃபோர்டின் கழிப்பறைகள் வெற்றிட உறிஞ்சலில் இயங்குபவை. குழாய்கள் அடைத்துக்கொள்வதால் அமிலத்தால் கழுவ வேண்டியிருக்கிறது, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 லட்சம் டாலர் செலவாகிறது என்று 2020இலேயே ஜி.ஏ.ஓ. எழுதியது. ஆறுதல்களும் இருக்கின்றன. 1914 முதல் மது விலக்கப்பட்டுள்ள அக்கடற்படையில், துறைமுகம் தொடாமல் 45 நாட்கள் கழிந்தால் ஒவ்வொருவருக்கும் இரண்டு கேன் பியர் தரலாம் என்ற விதி உண்டு. மாலுமிகள் அதை மகிழ்ச்சியோடு பெறுவதில்லை. அந்த பியர் கைக்கு வருகிறதென்றால் பயணம் எப்படிப் போய்க்கொண்டிருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.

தேதி மாறுவதன் விலை

2020 டிசம்பர் 31 அன்று பொறுப்புப் பாதுகாப்பு அமைச்சர் கிறிஸ்டோபர் மில்லர், நிமிட்ஸ் நேரடியாக வீடு திரும்பும் என்று அறிவித்தார். ஜனவரி 3 அன்று அந்த அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. ஈரானின் அச்சுறுத்தலைக் காரணம் காட்டி, கப்பல் மத்திய கிழக்கிலேயே நிற்கும் என்றார்கள். ஒன்பது மாதத்துக்கு மேல் வெளியே இருந்த மாலுமிகளுக்கும், கடற்கரையில் காத்திருந்த குடும்பங்களுக்கும், இடைப்பட்ட மூன்று நாட்களில் கொடுத்துப் பறித்தது போலாயிற்று. கப்பல் வாஷிங்டன் மாநிலத்தின் பிரெமர்ட்டனை அடைந்தது மார்ச் 7 அன்று.

இது வெறும் மனத்தாங்கல் என்று ஒதுக்க முடியாது. பிரிட்டன் படையினரை வைத்து லண்டன் கிங்ஸ் கல்லூரியின் ஆய்வாளர்கள் செய்து, 2007இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு இரண்டு முடிவுகளைத் தந்தது. மூன்று ஆண்டுகளில் பதின்மூன்று மாதங்களோ அதற்கு மேலோ பணியிடத்தில் கழித்தவர்களிடம் உளவதிர்ச்சிக்குப் பின்னான மனநோய் கூடுதலாக இருந்தது. சொல்லப்பட்ட காலத்துக்கும் உண்மையில் கழித்த காலத்துக்கும் இடையே பொருத்தமின்மை இருந்தவர்களிடமும் அது கூடுதலாக இருந்தது. ஆய்வு முப்படைகளையும் சேர்த்தது; கடற்படைக்கு மட்டுமானதன்று. ஆயினும் எதிர்பார்ப்பு உடைவதே தனியொரு காயம் என்பதற்கு அது வலுவான சான்று.

மனிதர்கள் நீண்ட காலத்தைத் தாங்குவது, அதை முடிவிலிருந்து பின்னோக்கி எண்ணுவதால்தான். பன்னிரண்டு மாதம் என்று முதலிலேயே சொன்னால் வீட்டு வாடகை, பிரசவம், பள்ளிச் சேர்க்கை, திருமணம் எல்லாவற்றையும் அதற்கேற்பத் திட்டமிடலாம். ஏழு என்று சொல்லி ஒன்பதாக்கினால், திட்டமிட்ட அனைத்தும் ஒரே நாளில் கலைகின்றன.

கரையில் இருப்பவர்கள்

கப்பல் புறப்பட்டவுடன் வீட்டில் பல குழந்தைகள் வண்ணத்தாள் வளையங்களைக் கோத்துச் சங்கிலி செய்வது அமெரிக்கக் கடற்படைக் குடும்பங்களில் பரவலான பழக்கம். நாளுக்கு ஒரு வளையத்தைக் கிழிப்பார்கள். கடைசி வளையத்தன்று அப்பாவோ அம்மாவோ வருவார். நீட்டிப்பு வந்தால் தாய் மறுபடி வளையங்களை ஒட்ட வேண்டும், அதற்கொரு விளக்கமும் சொல்ல வேண்டும். அந்த விளக்கத்தில் இரான், ஹூதி, பாதுகாப்பு அமைச்சர் என எதையும் நான்கு வயதுக் குழந்தைக்குச் சொல்லிப் பயனில்லை.

ஒன்பது மாதப் பயணத்தில் ஒரு கர்ப்பகாலம் முழுவதும் அடங்கிவிடும். கப்பல் திரும்பும் நாளில், பயணத்தின்போது பிறந்த குழந்தையை இன்னும் பார்க்காத பெற்றோரை முதலில் இறக்கிவிடும் மரபு இருக்கிறது. அவர்களுக்கென்று தனி வரிசை வைக்கும் அளவுக்கு அவர்கள் எண்ணிக்கை இருக்கிறது என்பதே ஒரு செய்தி.

பிரிவில் குடும்பத்தின் மனநிலை எப்படி மாறுகிறது என்பதை 1987இல் அமெரிக்கக் கடற்படைக் கழகத்தின் இதழில் வெளியான கட்டுரையொன்று ஏழு கட்டங்களாகப் பகுத்தது. புறப்பாட்டுக்கு முந்தைய வாரங்களில் காரணமில்லாமல் சண்டை வரும். இருவரும் முன்கூட்டியே விலகிக்கொள்வார்கள். புறப்பட்டபின் சில வாரம் நிலைகுலைவு. பிறகு வீட்டிலிருப்பவர் தனியே நடத்தக் கற்றுக்கொள்வார். அப்பகுப்பில் கவனிக்க வேண்டியது, கடைசிக் கட்டங்கள் இரண்டும் திரும்பி வந்த பிறகு நிகழ்பவை என்பது. அரைவருடத்துக்கு மேல் கணக்கு வழக்கும் குழாய் ரிப்பேரும் பிள்ளைகளின் காய்ச்சலும் தனியே பார்த்தவர், வந்தவரிடம் எதைத் திருப்பிக் கொடுப்பது, எதைத் தன்னிடமே வைத்துக்கொள்வது என்று மறுபடி பேசித் தீர்க்க வேண்டும். நீர்மூழ்கி வீரர்களின் மனைவியரைப் பற்றி 1968இலேயே வெளியான ஓர் உளமருத்துவ ஆய்வும், மனச்சோர்வு கணவன் வரும் காலத்தை ஒட்டித் தலைதூக்குவதைக் கண்டிருந்தது. கப்பல்துறையில் கொடியசைத்துக் கட்டித்தழுவும் படத்தோடு கதை முடிந்ததாக ஊடகங்கள் காட்டுவது ஒரு பாதியைத்தான்.

1994இல் பெண்கள் ஐசன்ஹோவரில் நிரந்தரப் பணியாளர்களாகச் சேர்ந்தது முதல், கப்பலில் இருப்பவர் தாயாகவும் கரையில் இருப்பவர் தந்தையாகவும் இருக்கும் குடும்பங்கள் கூடியிருக்கின்றன. அதற்கேற்ப ஆதரவு ஏற்பாடுகள் மாறுவது மெதுவாகவே நடந்தது. கப்பல் தலைமைக்கும் குடும்பங்களுக்கும் இடையே பாலமாக ஒருவரை நியமிக்கும் முறையை 1970இல் தளபதி எல்மோ ஜும்வால்ட் தொடங்கியபோது அது மனைவியரின் பிரதிநிதி என்றே வகுக்கப்பட்டது.

இணையம் வந்தபின் தொடர்பு எளிதாகிவிட்டது என்பது பாதி உண்மை. வைஃபை இருக்கும் கப்பலிலிருந்து மாலுமி குழந்தையோடு பேசலாம். ஆனால் தாக்குதலோ விபத்தோ நேர்ந்தால், அல்லது கப்பலின் நகர்வை மறைக்க வேண்டுமானால், ‘ரிவர் சிட்டி’ என்ற குறிச்சொல்லோடு வெளித்தொடர்பு முழுவதும் துண்டிக்கப்படும். செங்கடலில் ஏவுகணை வீசப்பட்டது என்று தொலைக்காட்சி சொல்லும் அதே நேரத்தில் கைபேசி அமைதியாகும். வாரம் ஒரு கடிதம் வந்த காலத்தில் மௌனம் இயல்பாக இருந்தது. நாள்தோறும் பேசிப் பழகியவருக்கு அதே மௌனம் அச்சமாகிறது. இதற்கு நேர்மாறாக, மிக எளிய ஏற்பாடொன்று நன்றாக வேலை செய்திருக்கிறது: புறப்படும் முன்போ கப்பலிலிருந்தோ பெற்றோர் கதைப் புத்தகம் வாசிப்பதைப் பதிவு செய்து குழந்தைக்கு அனுப்பும் திட்டம், ஒரு கடற்படை மருத்துவரின் மனைவியால் 1989இல் தொடங்கப்பட்டு இன்றும் நடக்கிறது.

நீருக்கடியில்: பதில் எழுத முடியாத கடிதம்

பிரிட்டனின் அணு ஏவுகணை நீர்மூழ்கிகளில் நிலைமை இன்னும் கடுமையானது. 1969 ஏப்ரல் முதல் இடைவிடாமல் ஒரு நீர்மூழ்கியாவது கடலுக்கடியில் மறைந்திருக்க வேண்டும் என்பது அந்நாட்டின் கொள்கை. முன்பு ஒரு சுற்று மூன்று மாத அளவில் முடிந்தது. இப்போது ஐந்து, ஆறு மாதங்களைத் தாண்டுகிறது. 2025 மார்ச்சில் திரும்பிய நீர்மூழ்கி 204 நாட்கள் வெளியே இருந்தது. பிரதமர் கியர் ஸ்டார்மர் நேரில் சென்று அதை வரவேற்றார்.

காரணம் இங்கும் அதேதான். இருப்பவை நான்கு. அவற்றில் ‘வேன்கார்டு’ 2015 இறுதியில் பெரும் பழுதுபார்ப்புக்குச் சென்று, சில ஆண்டுகளில் வர வேண்டியது, ஏழாண்டுக்கு மேல் கழித்து 2023இல்தான் வெளியே வந்தது. மீதமிருந்தவை அந்த இடைவெளியை நீண்ட சுற்றுகளால் நிரப்பின.

அந்த மாதங்களில் நீர்மூழ்கி எந்த அலைபரப்பும் செய்யாது. செய்தால் இருப்பிடம் தெரிந்துவிடும். செய்தி உள்ளே வரும், வெளியே போகாது. (இதற்குப் பயன்படும் மிகத் தாழ் அதிர்வெண் நிலையங்கள் உலகில் சிலவே. இந்தியக் கடற்படையின் அத்தகைய நிலையம் திருநெல்வேலி மாவட்டத்து விஜயநாராயணத்தில் உள்ள ஐ.என்.எஸ். கட்டபொம்மன்.) பிரிட்டனில் குடும்பத்தினர் வாரத்துக்கு 120 சொற்கள் எழுதி அனுப்பலாம். அது தணிக்கை செய்யப்பட்டுப் போகும். பதில் வராது. சாவு போன்ற துயரச் செய்தியை உள்ளே அனுப்பலாமா, வேண்டாமா என்பதை ஒவ்வொரு மாலுமியும் புறப்படும் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். என் தந்தை இறந்தால் எனக்கு இப்போது சொல்ல வேண்டாம், கரைக்கு வந்தபின் சொல்லுங்கள் என்று உயிரோடிருக்கும் தந்தையை நினைத்துக் கையெழுத்திடுவது அந்தப் பணியின் ஒரு படிவம்.

தற்கொலையும் பயணமும்: எளிய சமன்பாடு இல்லை

நீண்ட பயணத்தால் தற்கொலை கூடுகிறது என்று நேர்க்கோடு போடுவது செய்திகளில் எளிதாக நிகழ்கிறது. சான்றுகள் அதை ஆதரிக்கவில்லை. 2013இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான பெரிய ஆய்வு, பயணங்களின் எண்ணிக்கைக்கும் நாட்களுக்கும் தற்கொலைக்கும் தொடர்பைக் காணவில்லை. மனநோயும் அளவுமீறிய குடியுமே தொடர்புடையவையாக இருந்தன.

2022 ஏப்ரலில் ‘ஜார்ஜ் வாஷிங்டன்’ கப்பலைச் சேர்ந்த மூன்று மாலுமிகள் ஒரு வாரத்துக்குள் தற்கொலை செய்துகொண்டபோது அக்கப்பல் கடலிலேயே இல்லை. வர்ஜீனியாவின் நியூபோர்ட் நியூஸ் தளத்தில் 2017 ஆகஸ்டு முதல் எரிபொருள் மாற்றத்தில் கிடந்தது. நான்காண்டு என்று திட்டமிட்டது 2023 மே வரை இழுத்தது. இளம் மாலுமிகள் பலர் இரும்பு அறுக்கும் ஓசைக்கும் புழுதிக்கும் நடுவே, மின்சாரமும் வெந்நீரும் அடிக்கடி நின்றுபோகும் கப்பலிலேயே தங்கியிருந்தார்கள். கடலையே பார்க்காமல் முதல் ஒப்பந்தத்தைக் கழித்தவர்களும் இருந்தார்கள். கடலில் சில கப்பல்கள் மிகையாக உழைப்பதற்கும், இந்தக் கப்பல் தளத்தில் முடிவின்றிக் கிடந்ததற்கும் வேர் ஒன்றே. எனவே பயண நாட்களை மட்டும் எண்ணுவது பாதிப்பில் பாதியைத் தவறவிடும். உதவி கேட்க மேலதிகாரியிடம் காரணம் சொல்லத் தேவையில்லை என்று வகைசெய்யும் ‘பிராண்டன் சட்டம்’ 2021 இறுதியில் நிறைவேறியது. கடற்படை அதை 2023 ஜூலையில் நடைமுறைப்படுத்தத் தொடங்கியது.

ஈட்டுத்தொகையும் மாற்றுவழிகளும்

நீண்ட பிரிவுக்கு விலை வைத்துத் தடுக்க ஒரு முயற்சி நடந்தது. 2000, 2001ஆம் நிதியாண்டுச் சட்டங்களின்படி, இரண்டு ஆண்டுகளில் 400 நாட்களுக்கு மேல் வெளியே இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 100 டாலர் தர வேண்டும் என்றானது. படைகளின் கையைக் கட்டும் அளவுக்கு அது பெரிய தொகை; அதுவே நோக்கம். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் அது நிறுத்திவைக்கப்பட்டது. 2014இல் வந்த படி, தொடர்ந்து 220 நாட்களைத் தாண்டிய பிறகு நாளுக்கு 16.50 டாலர், மாதத்துக்கு அதிகபட்சம் 495 டாலர். குடும்பப் பிரிவுப் படி இருபது ஆண்டுக்கு மேல் மாதம் 250 டாலராகவே கிடந்தது. மாலுமிக்கு இது உதவிதான். ஆனால் நீட்டிப்பு உத்தரவில் கையெழுத்திடுபவரை ஒரு கணம் தயங்கவைக்கும் தொகை அன்று.

கப்பலையும் ஆட்களையும் பிரித்துப் பார்ப்பது இன்னொரு வழி. அமெரிக்காவின் ஏவுகணை நீர்மூழ்கிகள் ஒவ்வொன்றுக்கும் நீலம், பொன் என இரண்டு குழுக்கள் உண்டு. சராசரியாக 77 நாள் கடல், 35 நாள் துறைமுகம், பிறகு குழு மாற்றம். ஜெர்மனியின் எஃப்125 வகைக் கப்பல்கள் இரண்டு ஆண்டு வரை வெளிநாட்டுக் கடலில் இருக்கும்படியும், குழுக்கள் நான்கு மாதத்துக்கொருமுறை மாறும்படியும் வடிவமைக்கப்பட்டன. பிரிட்டனின் ‘மான்ட்ரோஸ்’ 2019 முதல் 2022 வரை பஹ்ரைனில் நிற்க, அதன் குழுக்கள் விமானத்தில் வந்து மாறின. 130 அல்லது 200 பேர் உள்ள கப்பலுக்கு இது இயலும். ஐயாயிரம் பேருக்கு இரண்டாவது குழுவை ஆள்பற்றாக்குறையில் தவிக்கும் கடற்படை எங்கிருந்து கொண்டுவரும்? விமானந்தாங்கிக் கப்பலைப் பொறுத்தவரை மீதமிருக்கும் வழிகள் இரண்டே: பழுதுபார்ப்புத் தளங்களில் முதலிடுவது, அல்லது தளபதிகளின் கோரிக்கைகளில் சிலவற்றை மறுப்பது. முதலாவதற்குப் பத்தாண்டுகள் ஆகும். இரண்டாவதை நாளையே செய்யலாம். ஆனால் கப்பல் இல்லாத கடலில் ஏதாவது நேர்ந்தால் பழி யாருக்கு என்ற கேள்வி அதைத் தடுக்கிறது.

வணிகக் கப்பல் மாலுமிகளுக்கு இந்த விஷயத்தில் ஒரு காப்பு இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து சரக்குக் கப்பலுக்குச் செல்லும் ஒருவரைத் தொடர்ந்து பதினோரு மாதத்துக்கு மேல் கப்பலில் வைத்திருக்க, 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம் பொதுவாக இடம்தருவதில்லை. கோவிட் காலத்தில் அது பெருமளவில் மீறப்பட்டபோது, மீறல் என்று சொல்லி முறையிடவாவது ஒரு வரம்பு இருந்தது. அதே ஒப்பந்தம், போர்க்கப்பல்களுக்குத் தான் பொருந்தாது என்று தன் முதல் பிரிவுகளிலேயே சொல்லிவிடுகிறது.